கொட்டியவர் ஒருவர், துட்டு பெற்றவர் வேறொருவர்!

2025-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி இங்கிலாந்தில் ஓர் இசைத் தொகுப்பு வெளியாயிற்று. அதில் 12 பகுதிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்கள் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். கேட் புஷ், அன்னி லெனாக்ஸ், டேமன் ஆல்பர்ன் என்று அந்த நாட்டின் பெரிய பெரிய பெயர்கள் அதில் இருந்தன.

ஆனால் போட்டுக் கேட்டால், பாட்டு இல்லை! கிதார் இல்லை! டிரம் இல்லை!

ஆள் இல்லாத ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக்கை வைத்து, அந்தக் காலி அறையின் ஓசையை மட்டும் பிடித்துப் பதிவு செய்திருந்தார்கள்.

இது பைத்தியக்காரத்தனம் அல்ல. சர்க்காருக்கு எதிரான கண்டனம். 12 பகுதிகளின் தலைப்புகளையும் வரிசையாகப் படித்தால், இசைத் திருட்டைச் சட்டமாக்காதே என்று பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சொல்லும் ஒரு வாக்கியம் வரும். தொகுப்பினால் வரும் பணம் இசைக் கலைஞர்களுக்கு உதவும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குப் போகும் என்று அறிவித்தார்கள்.

அப்படி என்ன கோபம்?

2024-ம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு யோசனையை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. "ஏ.ஐ." என்று சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களைச் செய்யும் கம்பெனிகள், பாட்டு, புத்தகம், படம் எல்லாவற்றையும் யந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கலாம், வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே எழுந்து "என்னுடையதைத் தொடாதே" என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் அந்த யோசனை. வீட்டுக்காரர் கதவில் "திருடாதே" என்று எழுதி வைக்காவிட்டால் உள்ளே புகலாம் என்பது போல இருக்கிறது என்று கலைஞர்கள் கொதித்தார்கள். பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னியும் எதிர்த்துப் பேசினார்.

பாடகர்களின் குறை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பாடகருக்கு முகம் இருக்கிறது. பாட்டு எழுதியவருக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் மேடையில் எல்லோருக்கும் பின்னால், ஒரு முக்காலியில் உட்கார்ந்து டிரம் அடிக்கிறாரே, அவருக்கு?

அவருடைய வழக்கு ஏ.ஐ. வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது.

பதிவு செய்வது எப்படி?

ராக் இசையில் டிரம் என்பது ஒரு வாத்தியம் அல்ல, ஒரு குடும்பம்.

தரையில் பெரிதாகப் படுத்திருப்பது பாஸ் டிரம். இதைக் கையால் அடிப்பதில்லை. காலால் மிதித்தால் ஒரு சுத்தி போய்த் தட்டும். முழங்காலுக்கு நடுவே இருப்பது ஸ்நேர். இதன் அடித்தோலில் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினால் "சர்" என்று சீறும். பக்கத்தில் சிறிதும் பெரிதுமாக டாம்-டாம்கள். மேலே பித்தளை நிறத்தில் தொங்கும் சிம்பல்கள். இடது காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தட்டு ஒன்று. இவ்வளவுக்கும் ஒரே ஆள்! இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் நான்கு வேலை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதார் வாசிப்பவருக்கு ஒரு மைக் போதும். பல நேரம் மைக்கே வேண்டாம். கம்பியை நேராக யந்திரத்தில் செருகிவிடலாம். டிரம்முக்கு அப்படி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக், தலைக்கு மேலே இரண்டு, தூரத்தில் அறையின் ஓசைக்கு இன்னும் இரண்டு என்று பத்துப் பன்னிரண்டு மைக் வைப்பது சாதாரணம்.

வைத்துவிட்டால் ஆயிற்றா? இல்லை. தலைவலி அப்போதுதான் ஆரம்பம்.

ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 34 சென்டிமீட்டர் தூரம் போக ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். ஸ்நேரைத் தட்டிய சத்தம் பக்கத்து மைக்குக்கு முந்திப் போய்ச் சேரும். தூரத்து மைக்குக்குப் பிந்திச் சேரும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், ஒன்றின் அலை மேலே எழும்போது மற்றதின் அலை கீழே விழும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இடி போல விழ வேண்டிய அடி, தகர டப்பாவைத் தட்டியது போல ஆகிவிடும். அதனால்தான் என்ஜினீயர்கள் நூலும் டேப்பும் வைத்து மைக்குகளின் தூரத்தை அளக்கிறார்கள். கிளின் ஜான்ஸ் என்ற பிரபல பிரிட்டிஷ் என்ஜினீயர் மூன்று நான்கு மைக்குகளோடு வேலையை முடித்துவிடுவார். மேலே வைக்கும் மைக்கும் பக்கவாட்டில் வைக்கும் மைக்கும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இன்றும் அவர் பெயராலேயே அந்த முறை வழங்குகிறது.

பிறகு அறை. தாழ்ந்த கூரையும் கம்பளமும் உள்ள அறையில் அடித்தால் சத்தம் உலர்ந்து போகும். உயர்ந்த கூரையும் கல் சுவரும் மர தளமும் உள்ள அறையில் அடித்தால் ஒன்று பத்தாகத் திரும்பும். டிரம்மைப் பதிவு செய்வது பாதி. அறையைப் பதிவு செய்வது பாதி.

பெரும்பாலும் முதலில் டிரம்மைத்தான் பதிவு செய்வார்கள். மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதன் மேல் ஏறி உட்காரும். அஸ்திவாரம் கோணினால் வீடு கோணும் அல்லவா? ஒரு பாட்டுக்காகக் காலையிலிருந்து மைக் வைத்துவிட்டு, மாலையில்தான் முதல் அடியைப் பதிவு செய்தார்கள் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் அதிசயமே அல்ல.

ஆகவே டிரம்தான் செலவு பிடித்த வாத்தியம். பெரிய அறை வேண்டும். நிறைய மைக் வேண்டும். நேரம் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை மணிக் கணக்கில். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இந்த வாடகைக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு பாட்டு, மூன்று டிரம்மர்கள்

1962-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி. லண்டன் மாநகரில் இ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம். லிவர்பூல் என்ற துறைமுக நகரத்திலிருந்து நான்கு வாலிபர்கள் வந்தார்கள். அவர்கள்தான் பீட்டில்ஸ் கோஷ்டி. அப்போது அவர்களை லண்டனில் சீண்டுவார் இல்லை.

டிரம் அடித்தவர் பீட் பெஸ்ட். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவருடைய அடி பிடிக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்வேன் என்றார். மேடையில் இருக்கிற சத்தத்திலே ஒரு சிறு பிசகு யாருக்கும் தெரியாது. மைக் முன்னால் அது பூதாகாரமாகத் தெரியும்!

ஆகஸ்ட் 16-ந்தேதி பீட் பெஸ்டைக் கோஷ்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவர் இடத்தில் ரிங்கோ ஸ்டார் வந்தார். செப்டம்பர் 4-ந்தேதி ரிங்கோ டிரம் அடிக்க, "லவ் மி டூ" என்ற பாட்டு பதிவாயிற்று.

ஒரு வாரம் கழிந்தது. செப்டம்பர் 11-ந்தேதி ரிங்கோ மறுபடியும் கூடத்துக்கு வந்தார். அங்கே டிரம்முக்குப் பின்னால் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்! அவர் ஆண்டி ஒயிட். மணிக் கணக்குச் சம்பளத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் தொழில்முறை டிரம்மர். ரிங்கோவின் கையில் சிறிய கஞ்சிரா போன்ற டாம்பரினைக் கொடுத்தார்கள். அவர் அதைத் தட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அக்டோபர் 5-ந்தேதி வெளிவந்த இசைத்தட்டில் ரிங்கோவின் அடி இருந்தது. 1963-ம் ஆண்டு மார்ச் 22-ந்தேதி வெளிவந்த பெரிய இசைத்தட்டில் அதே பாட்டு, ஆனால் ஆண்டி ஒயிட்டின் அடி! 1964-ல் அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்ததும் ஆண்டி ஒயிட் அடித்த தட்டுதான்.

அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா? இல்லை. வந்த அன்றைய சம்பளம் கொடுத்தாயிற்று. கணக்குத் தீர்ந்தது.

கோஷ்டியில் இருந்தவர்களும் ஆரம்பத்தில் ஒன்றும் அள்ளிக்கொள்ளவில்லை. ஒரு தட்டு விற்றால் கம்பெனி கொடுத்தது ஒரு பென்னி. 240 பென்னி சேர்ந்தால்தான் அந்தக் காலத்தில் ஒரு பவுண்டு. அந்த ஒரு பென்னியையும் நான்கு பேரும் மானேஜரும் பங்கு போட வேண்டும். ஆனால் பாட்டு எழுதிய லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தனி வருமானம் உண்டு. ரிங்கோவுக்கு அது கிடையாது. அடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது "பாட்டு எழுதியது" ஆகாது!

விலக்கப்பட்ட பீட் பெஸ்ட் லிவர்பூலில் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். 1995-ல் பீட்டில்ஸ் கோஷ்டியின் பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அவர் அடித்த பாட்டுகளும் அதில் சேர்ந்தன. அப்போதுதான் அவருக்குப் பெரிய தொகை வந்தது. 33 ஆண்டு கழித்து! ஆண்டி ஒயிட் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறி, பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்து முறை டிரம் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். 2015-ல் காலமானார்.

கம்பளிச் சட்டையும் மாடிப்படியும்

அதே லண்டன் கூடத்தில் 1966-ம் ஆண்டு ஏப்ரலில் இன்னொரு காட்சி.

ஜெப் எமரிக் என்ற 20 வயது வாலிபர் அப்போதுதான் பீட்டில்ஸின் என்ஜினீயராக உயர்ந்திருந்தார். டிரம்முக்கு இத்தனை அடி தள்ளித்தான் மைக் வைக்க வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பான விதி. பக்கத்தில் வைத்தால் விலை உயர்ந்த மைக் கெட்டுப் போகுமாம். எமரிக் அந்த விதியை மீறினார். மைக்கைப் பாஸ் டிரம்முக்குச் சமீபத்தில் கொண்டு போனார். நான்கு கழுத்து வைத்துப் பின்னிய ஒரு பெரிய கம்பளிச் சட்டை அங்கே கிடந்தது. பீட்டில்ஸ் நால்வரும் ஒன்றாகப் போட்டுக்கொள்ள விளையாட்டாகச் செய்த சட்டை! அதை எடுத்து டிரம்முக்குள் திணித்தார். அதிர்வு அடங்கி, நெஞ்சில் குத்துவது போன்ற ஓர் ஓசை வந்தது.

மேலதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பீட்டில்ஸ் பதிவுக்கு மட்டும் இப்படி மைக் வைக்க அனுமதி உண்டு என்று எழுத்து மூலம் கடிதம் கொடுத்தார்கள். இதை எமரிக் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று உலகம் முழுவதும் பாஸ் டிரம்முக்குள் தலையணையோ போர்வையோ வைக்கிறார்கள். எல்லாம் அன்று லெட்டர் வாங்கிச் செய்த காரியம்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் 1971-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்தது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹெட்லி கிரேன்ஜ் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1795-ல் கட்டியது. கதியற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியாக இருந்தது. லெட் செப்பலின் என்ற ராக் கோஷ்டி அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டிக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வெளியே நிறுத்திக்கொண்டார்கள்.

டிரம்மர் ஜான் பொன்ஹாம். மலை போன்ற மனிதர். அவருடைய டிரம்மைக் கீழே கூடத்தில், மாடிப்படி அடியில் வைத்தார்கள். என்ஜினீயர் ஆண்டி ஜான்ஸ், மேலே சொன்ன கிளின் ஜான்ஸின் தம்பி. அவருக்கும் அப்போது 20 வயதுதான்! அவர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும் வைக்கவில்லை. மாடியிலிருந்து இரண்டே இரண்டு மைக்கைக் கீழே பார்த்துத் தொங்கவிட்டார். அடி எழும்பி, படிக்கட்டுச் சுவரில் மோதி, மேலே வந்து சேர்ந்தது. அதோடு எதிரொலி யந்திரம் ஒன்றையும் சேர்த்தார்கள். பூமி அதிர்வது போன்ற அந்த ஓசைக்கு ஈடு இன்றுவரை இல்லை என்று டிரம்மர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

பாட்டின் பெயர் "வென் த லெவி பிரேக்ஸ்". 1927-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துக்கொண்டு வந்தது. அந்த வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னி என்ற கறுப்பினப் பாடகியும் அவர் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த பாட்டு அது. லெட் செப்பலின் அதைப் புதிதாக அமைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டின் உரிமையாளர் வரிசையில் டிரம்மர் பொன்ஹாமின் பெயரும் இருக்கிறது! கோஷ்டியின் நால்வர் பெயரும், மெம்பிஸ் மின்னியின் பெயரும் அச்சாயின. டிரம் அடியும் பாட்டின் அங்கம்தான் என்று ஒரு கோஷ்டி மனமுவந்து எழுதிக் கொடுத்தது. ராக் உலகில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. (பாவம், கணவர் ஜோவின் பெயரைத்தான் விட்டுவிட்டார்கள்!)

1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்கக் கோஷ்டி, தன் முதல் பெரிய இசைத்தட்டின் முதல் பாட்டுக்கே அந்த மாடிப்படி அடியைத் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டது. பொன்ஹாம் அப்போது உயிரோடு இல்லை. 1980-ல், 32 வயதில் போய்விட்டார். செத்தவருடைய அடி வேறு ஒருவர் பாட்டில் விழ ஆரம்பித்தது.

ஏழு வினாடி

வெட்டி எடுக்கும் இந்த வித்தை எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு துயரக் கதை இருக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் "த வின்ஸ்டன்ஸ்" என்று ஒரு கோஷ்டி இருந்தது. ராக் கோஷ்டி அல்ல. சோல் இசைக் கோஷ்டி. 1969-ல் ஒரு தட்டு வெளியிட்டார்கள். முதல் பக்கத்துப் பாட்டு பிரபலமாயிற்று. பின்பக்கத்தில் ஏதோ நிரப்ப வேண்டுமே என்று "ஆமென், பிரதர்" என்ற வாத்திய இசையைப் பதிவு செய்தார்கள். நடுவில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, டிரம்மர் கிரிகரி கோல்மன் மட்டும் தனியாக அடித்தார். எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 7 வினாடி!

1980-களில் ஒலியை வெட்டி ஒட்டும் யந்திரங்கள் வந்தன. அந்த 7 வினாடியை யாரோ கண்டெடுத்தார்கள். அப்புறம் உலகமே எடுத்தது. வேகமாக ஓட்டினார்கள், துண்டு துண்டாக நறுக்கினார்கள், மாற்றி அடுக்கினார்கள். இங்கிலாந்தில் "ஜங்கிள்" என்ற புதிய இசை வகையே அந்த அடியின் மேல் எழுந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகள்! விளம்பரங்கள் வேறு.

கோல்மனுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமே இல்லை. 2006-ல் வறுமையில் இறந்து போனார்.

கோஷ்டித் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1996-ல்தான் விஷயமே தெரிய வந்தது. அதற்குள் வழக்குப் போடும் காலக்கெடு கடந்துவிட்டது. 2015-ல் இங்கிலாந்து ரசிகர்கள் உண்டியல் குலுக்குவது போல இன்டர்நெட்டில் வசூல் செய்து 24,000 பவுண்டு அனுப்பினார்கள். நல்ல மனம்தான். ஆனால் அது நன்கொடை, கூலி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓர் இசைத்தட்டில் இரண்டு சொத்துகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பாட்டு. அதாவது சாகித்தியமும் மெட்டும். அது எழுதியவருக்குச் சொந்தம். இன்னொன்று, பதிவு. அதாவது அந்த நாளில் அந்த அறையில் பிடித்த ஓசை. அது பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொந்தம்.

டிரம் அடி இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. மெட்டு அல்ல என்பதால் பாட்டில் பங்கு அரிது. கூலி வாங்கியாயிற்று என்பதால் பதிவிலும் பங்கு அரிது.

பிரிட்டனில் பதிவுகளுக்கு 50 ஆண்டு பாதுகாப்பு இருந்தது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த முடிவின்படி, 2013-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி முதல் அது 70 ஆண்டு ஆயிற்று. அதோடு கூலி வாத்தியக்காரர்களுக்காக ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது. 50 ஆண்டு தாண்டிய பதிவுகளினால் வரும் வருமானத்தில் கம்பெனிகள் 20 சதவீதத்தை ஒதுக்கி, ஒரே தடவைச் சம்பளம் வாங்கிப் போனவர்களுக்கு ஆண்டுதோறும் பங்கிட வேண்டும்.

இங்கேதான் சட்டத்தின் வேடிக்கை! ரிங்கோ அடித்த "லவ் மி டூ" 1962-ல் வெளிவந்தது. அதன் 50 ஆண்டு 2012 முடிவோடு தீர்ந்தது. புதிய சட்டம் வருமுன் அது பொதுச் சொத்தாகிவிட்டது. ஆண்டி ஒயிட் அடித்தது 1963-ல் வெளிவந்தது. அது 2013 முடியும்வரை உயிரோடு இருந்ததால் புதிய சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. 2033 முடியும்வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஒரே பாட்டு, ஒரே கூடம், ஒரே வாரம். புகழ் பெற்ற டிரம்மரின் அடி ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கூலிக்காரரின் அடியை எடுக்க முடியாது!

அமெரிக்காவில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டு எழுதியவருக்குத்தான் பணம் தருகின்றன. பாடியவருக்கும் இல்லை, வாசித்தவருக்கும் இல்லை. இன்டர்நெட் வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் மட்டும் சட்டம் வேறு. அதில் கம்பெனிக்கு 50 சதவீதம், பிரதானக் கலைஞர்களுக்கு 45. மீதி 5 சதவீதம்தான் கூலி வாத்தியக்காரர்களுக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும்.

யந்திரம் வந்தது

1980-ல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர் ஒரு டிரம் யந்திரம் செய்தார். அதற்கு முன்னும் டிரம் யந்திரங்கள் உண்டு. அவை "டிக், டக்" என்று பொம்மைச் சத்தம் போட்டன. லின் செய்தது வேறு. மனிதர் அடித்த உண்மையான அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து யந்திரத்தின் நினைவில் பொதிந்து வைத்தார். பொத்தானை அமுக்கினால் அந்த அடி விழும். விலை ஏறக்குறைய 5,000 டாலர். பெரிய தொகைதான். ஆனால் கூடத்தின் வாடகையையும் டிரம்மரின் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்த தயாரிப்பாளர்களுக்கு அது மலிவாகத் தெரிந்தது.

யந்திரம் டிரம் அடிக்கவில்லை. மனிதர் அடித்ததைத் திருப்பிச் சொல்லியது, அவ்வளவுதான். இன்றைய ஏ.ஐ. விவகாரத்தின் விதை இதில்தான் இருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பதிவு செய்த டிரம்மைத் திரையில் கோடு போட்டுப் பார்க்கலாம். முந்தி விழுந்த அடியைப் பின்னால் தள்ளலாம். பிந்தியதை முன்னால் இழுக்கலாம். சரியாக விழாத அடியை நீக்கி, வேறு எங்கோ பதிவான நல்ல அடியைப் பொருத்தலாம். கேட்டால் குறை ஒன்றும் இருக்காது. உயிரும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்! பொன்ஹாமின் அடி கடிகாரத்தைவிடக் கொஞ்சம் சோம்பலாக, பின்னால் சாய்ந்து விழும். அந்தச் சாய்வுக்குத்தான் ரசிகர்கள் உருகுகிறார்கள். அதைக் கோட்டில் இழுத்து நிறுத்தினால் மிஞ்சுவது என்ன?

வீட்டு அறையிலேயே பாட்டு தயாராகும் காலம் வந்தவுடன் பெரிய கூடங்கள் சரிந்தன. லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற கூடம் 2008-ல் மூடப்பட்டது. அங்கேதான் 1979-ல் பில் காலின்ஸ் டிரம் அடிக்க, உள்ளே இருப்பவர் பேசுவதைக் கேட்பதற்காகத் தொங்கவிட்ட மைக் தற்செயலாகத் திறந்து, வெடித்து உடனே அறுந்து போகும் ஒரு புது ஓசை பிறந்தது. என்ஜினீயர் ஹியூ பேட்ஜம் அதைப் பிடித்துக்கொண்டார். 1980-களின் பாட்டுகளெல்லாம் அந்த ஓசையைப் பின்பற்றின.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சவுண்ட் சிட்டி என்ற கூடம். பார்க்க அழுக்கு; ஆனால் டிரம்முக்கு வரப்பிரசாதம். 1991-ல் நிர்வாணா என்ற ராக் கோஷ்டியின் டிரம்மர் டேவ் குரோல் அங்கே அடித்த அடி, கோடிக்கணக்கான தட்டுகளாக விற்றது. 2011-ல் அந்தக் கூடம் வியாபாரத்தை நிறுத்தியது. அங்கிருந்த பழைய ஒலிக்கலவை மேஜையை டேவ் குரோல் விலை கொடுத்து வாங்கித் தம் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டு போனார். 2013-ல் அந்தக் கூடத்தைப் பற்றி ஒரு படமும் எடுத்தார். சில ஆண்டு கழித்துக் கூடத்தை மறுபடி திறந்தார்கள் என்பது தனிச் சந்தோஷம்.

டேவ் குரோல் போன்றவர்களால் மேஜை வாங்க முடியும். நாள் சம்பளக்காரர் என்ன செய்வார்? வீட்டுக் கொட்டகையில் நான்கு மைக் வைத்துக்கொள்கிறார். ஊர் பேர் தெரியாதவர்களின் பாட்டுக்கு அடித்து, பதிவை இன்டர்நெட்டில் அனுப்பிக் கூலி வாங்குகிறார். அந்த வேலைக்கும் இப்போது போட்டி வந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் யார் பெயர்?

"மழை நாளில் கேட்க ஒரு ராக் பாட்டு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். டிரம் உள்பட முழுப் பாட்டையும் சில வினாடிகளில் செய்து தரும் ஏ.ஐ. யந்திரங்கள் வந்துவிட்டன. சுனோ, உடியோ என்பவை அவற்றில் பெயர் பெற்றவை. அறை இல்லை, மைக் இல்லை, கம்பளிச் சட்டை இல்லை!

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசைக் கம்பெனிகளும் இந்த இரண்டின் மேலும் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டன. தங்கள் பதிவுகளை அனுமதி இல்லாமல் யந்திரத்துக்குப் பாடமாக ஊட்டினார்கள் என்பது புகார். 2025 அக்டோபரில் யுனிவர்சல் உடியோவோடு சமாதானம் செய்துகொண்டது. நவம்பரில் வார்னர் சுனோவோடு கை குலுக்கியது. வழக்குப் போட்டவர்களும் போடப்பட்டவர்களும் கூட்டாளிகள் ஆனார்கள். சம்மதம் தரும் கலைஞர்களின் குரலும் பாட்டும்தான் பயன்படும் என்று கம்பெனிகள் அறிவித்தன.

பிரிட்டனில் பார்லிமெண்டின் மேல்சபை சும்மா இருக்கவில்லை. எந்தெந்தப் பதிவை யந்திரத்துக்குக் கொடுத்தோம் என்று ஏ.ஐ. கம்பெனிகள் வெளியே சொல்ல வேண்டும் என்று பீபன் கிட்ரன் சீமாட்டி திருத்தம் கொண்டு வந்தார். மேல்சபை அதை மறுபடி மறுபடி நிறைவேற்றியது. கீழ்ச்சபை மறுபடி மறுபடி நிராகரித்தது. கடைசியில் 2025-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி, அந்தத் திருத்தம் இல்லாமலே தகவல் சட்டம் அமலுக்கு ஒப்புதல் பெற்றது. ஒன்பது மாதத்துக்குள் இது பற்றி அறிக்கை வைக்க வேண்டும் என்ற கடமை மட்டும் சர்க்காருக்கு விதிக்கப்பட்டது.

எந்தப் பதிவு யந்திரத்துக்குள் போயிற்று என்பது தெரியாவிட்டால், பாடகராவது தம் குரலை அடையாளம் கண்டுகொள்வார். ஆயிரம் டிரம்மர்களின் அடியைக் கலந்து யந்திரம் அடிக்கும் ஓர் அடியில், இது என்னுடையது என்று எந்த டிரம்மர் கோர்ட்டில் நிரூபிப்பார்? ஏழு வினாடியை அப்படியே வெட்டி எடுத்தபோதே கோல்மனால் ஒரு காசு பெற முடியவில்லை.

"சம்மதம்" என்ற சொல்லும் அவ்வளவு எளிது அல்ல. நட்சத்திரப் பாடகரிடம் கம்பெனி கேட்கும். வக்கீலை வைத்துக்கொண்டு அவர் பதில் சொல்வார். 1970-லோ 1980-லோ மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் போன டிரம்மரிடம் யார் கேட்பார்கள்? எல்லா உரிமையும் கம்பெனிக்கே என்று அவர் அன்று போட்ட கையெழுத்தில் ஏ.ஐ.யும் அடங்குமா என்பதை எந்த ஒப்பந்தமும் அந்த நாளில் எழுதி வைக்கவில்லை. 20 சதவீத நிதி போல ஒன்று இந்தப் புதிய வருமானத்துக்கும் வேண்டும் என்பதுதான் நியாயமான கோரிக்கையாகத் தெரிகிறது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, யார் யார் எந்தப் பாட்டுக்கு வாசித்தார்கள் என்ற பட்டியலைச் சரி செய்வதிலிருந்து அது தொடங்க வேண்டும். பல இசைத்தட்டு உறைகளில் பாடகரின் படம் இருக்கும், போட்டோ எடுத்தவரின் பெயர்கூட இருக்கும். டிரம் அடித்தவரின் பெயர் இராது.